அமெரிக்கா விலகல, சேரவே இல்ல: பன்னாட்டுச் சங்கம் பத்தி ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பரோட இணைப்புல ஐ.நா. சபை பத்தி வந்த கட்டுரையைப் படிச்சேன். இன்னைக்கு உலகத்துல நடக்கிற சண்டையை எல்லாம் பார்த்துட்டு, இப்படி ஒரு சபை இருந்து என்ன பிரயோஜனம்னு ஆதங்கப்பட்டு எழுதியிருந்தாங்க. அந்த ஆதங்கம் எனக்கும் இருக்கு. ஆனா நடுவுல ஒரு பாரா வருது பாருங்க, முதல் உலகப் போர் முடிஞ்சப்புறம் ஆரம்பிச்ச, ஐ.நா.வுக்கு முன்னோடியான பன்னாட்டுச் சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) ஒரு சண்டையைக்கூட நிறுத்த முடியாம தோத்துப்போச்சு, அமெரிக்காவும் அதுல இருந்து விலகிடுச்சுன்னு ரெண்டே வரியில கதையை முடிச்சிட்டாங்க. 34 வருஷம் அரசுப் பள்ளிக்கூடத்துல வரலாறு சொல்லிக்கொடுத்தவ நான். அந்த ரெண்டு வரியைப் படிச்சதுல இருந்து மனசு கேக்கல, அதனாலதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமாத்தான் வரும், முடிஞ்சா வெட்டாம போடுங்க.

என் பேத்தி பத்தாங்கிளாஸ் படிக்கிறா. அவ நோட்டுலயும் இதே கதைதான் இருக்கு. "சங்கத்தின் தோல்விக்கான காரணங்கள்"னு அஞ்சு மார்க் கேள்வி, சொந்த ராணுவம் இல்லை, அமெரிக்கா இல்லை, எல்லாரும் ஒத்துக்கிட்டாதான் முடிவு எடுக்க முடியும், அப்படின்னு நம்பர் போட்டு எழுதி வச்சிருக்கா. எல்லாமே உண்மைதான், மார்க்கும் விழும். ஆனா படிச்சு முடிச்ச பிள்ளைக்கு என்ன தோணுது, யாரோ கெட்டிக்காரத்தனம் இல்லாத ஆளுங்க கூடி ஒரு சங்கம் வச்சாங்க, அது தானா படுத்துடுச்சுன்னுதானே தோணுது? யார் எந்த இடத்துல கையை விட்டாங்கன்னு அதுல ஒரு வார்த்தை இல்ல.

முதல்ல அமெரிக்கா விஷயம். அமெரிக்கா விலகல, சேரவே இல்ல. சங்கம் வேணும்னு 1919ல பாரிஸ்ல உக்காந்து மல்லுக்கட்டினவரே அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன்தான். ஊருக்குத் திரும்பிப் போனா அவங்க பாராளுமன்ற மேல்சபையான செனட் ஒத்துக்க மாட்டேங்குது, சரி ஜனங்ககிட்டயே நேரா பேசுறேன்னு ரயில் ஏறிட்டார், 22 நாள்ல சுமார் 13,000 கிலோமீட்டர் சுத்தி ஊர் ஊரா பேசினார், உடம்பு ஏற்கனவே முடியாம இருந்தது, செப்டம்பர் 25ஆம் தேதி கொலராடோவுல பியூப்ளோங்கிற ஊர்ல பேசினதுக்கு அப்புறம் தாங்கல, பயணத்தைப் பாதியில நிறுத்திக் கூட்டிட்டு வந்துட்டாங்க, அடுத்த வாரமே பக்கவாதம் வந்து படுத்துட்டார். 1920 மார்ச் 19ல செனட்ல கடைசி ஓட்டெடுப்பு, ஆதரவு 49, எதிர்ப்பு 35. மூணுல ரெண்டு பங்கு வேணும், ஏழு ஓட்டு குறைஞ்சு போச்சு. அந்த ஏழு ஓட்டுக்கு 15 வருஷம் கழிச்சு எத்தியோப்பியா என்ன விலை கொடுத்துச்சுன்னு பின்னாடி சொல்றேன்.

ரெண்டாவது, இந்த முயற்சி 1919ல திடீர்னு முளைச்சதும் இல்ல. 1899லயே ரஷ்யாவோட ஜார் ரெண்டாம் நிக்கோலஸ் அழைப்பு அனுப்பி நெதர்லாந்துல தி ஹேக் நகரத்துல மாநாடு கூடுச்சு, 26 நாடு வந்துச்சு. ஆயுதத்தைக் குறைக்கத்தான் கூப்பிட்டாங்க, அதுல ஒண்ணும் நடக்கல. ஆனா ரெண்டு காரியம் உருப்படியா நடந்துச்சு. போர்ல விஷவாயு குண்டு போடக்கூடாது, உடம்புக்குள்ள போய் விரியுற தோட்டாவை (நம்ம கல்கத்தா பக்கத்துல டம்டம் ஆயுதத் தொழிற்சாலையில செஞ்சதாலதான் அதுக்கு டம்டம் தோட்டான்னே பேரு) பயன்படுத்தக்கூடாதுன்னு ஒரு விதி வந்துச்சு. அப்புறம், ரெண்டு நாட்டுக்குள்ள தகராறு வந்தா துப்பாக்கியைத் தூக்குறதுக்கு முன்னாடி பஞ்சாயத்துக்கு வாங்கன்னு ஒரு நிரந்தர நடுவர் மன்றமும், நடந்தது என்னன்னு விசாரிக்கிற கமிஷன் முறையும் வந்துச்சு.

காகிதத்துல எழுதி வச்சா யார் கேக்கப் போறாங்கன்னு கேப்பீங்க. கேட்டாங்க. 1904 அக்டோபர் மாசம், ரஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் போர் நடந்துக்கிட்டிருந்த சமயம். ரஷ்யக் கடற்படை ஒண்ணு வடகடல் வழியா போகுது, எங்க பார்த்தாலும் ஜப்பான்காரன் ஒளிஞ்சிருக்கான்னு பயம். டாக்கர் பேங்க்னு மீன்பாடு அதிகமுள்ள ஒரு இடம், அங்க இங்கிலாந்துல ஹல் துறைமுகத்தைச் சேர்ந்த மீன்பிடி படகுங்க ராத்திரியில வலை போட்டுக்கிட்டு இருந்துச்சுங்க. திடீர்னு சர்ச் லைட் வெளிச்சம் மேல விழுது, வேடிக்கை பார்க்கிறதுக்குள்ள குண்டு பாயுது. நாங்க மீன்காரங்கன்னு தெரியட்டும்னு கையில இருந்த மீனைத் தூக்கித் தூக்கிக் காட்டுனோம்னு தப்பிச்சு வந்தவங்க சொல்லியிருக்காங்க. அந்த இடத்துலயே ரெண்டு பேர் செத்தாங்க, ஒரு படகு முங்கிடுச்சு, காயம்பட்டதுல ஒருத்தர் பின்னாடி செத்தார். இங்கிலாந்தே கொதிச்சுப் போச்சு, அன்னைக்கு உலகத்துலயே பெரிய கடற்படை அவங்களோடது, ரஷ்யக் கப்பலை மறிக்கிறதுக்குத் தயாராயிட்டாங்க. அந்த நேரத்துலதான் ஹேக்ல எழுதி வச்ச விசாரணை கமிஷன் ஞாபகத்துக்கு வந்துச்சு. அஞ்சு அட்மிரல், பிரிட்டன், ரஷ்யா, பிரான்ஸ், அமெரிக்கா, ஆஸ்திரியா-ஹங்கேரின்னு நாட்டுக்கு ஒருத்தர், பாரிஸ்ல உக்காந்து விசாரிச்சாங்க, அங்க ஜப்பான் கப்பல் எதுவுமே இல்லன்னு 1905 பிப்ரவரியில அறிக்கை கொடுத்தாங்க, ரஷ்யா சுமார் 66,000 பவுண்டு நஷ்டஈடு கட்டுச்சு. ரெண்டு வல்லரசுக்கு நடுவுல வர இருந்த போர் ஒரு கமிஷன் அறிக்கையோட நின்னுச்சு. வராத போர்ங்கிறதால அது எந்த பாடப்புத்தகத்துலயும் வராம போச்சோ என்னவோ, நான் வகுப்புல சொல்லும்போதெல்லாம் பிள்ளைங்க அந்த மீனைத் தூக்கிக் காட்டுன இடத்துல அப்படியே அமைதியா கேப்பாங்க.

1907ல ரெண்டாவது மாநாடு, 44 நாடு. அப்புறம் கார்னகிங்கிற அமெரிக்கப் பணக்காரர் 15 லட்சம் டாலர் கொடுத்து ஹேக்ல அமைதி மாளிகை கட்டினாங்க, 1913 ஆகஸ்ட் 28ல திறந்தாங்க. இந்த இயக்கத்துக்காகவே வாழ்ந்தவங்க பெர்த்தா வான் சுட்னர்னு ஆஸ்திரியா நாட்டு அம்மா, 1905ல அமைதிக்கான நோபல் பரிசு வாங்கினவங்க, ஊர் ஊரா போய் பெரிய போர் வருது வருதுன்னு எச்சரிச்சுக்கிட்டே இருந்தாங்க. 1914 ஜூன் 21ல இறந்துட்டாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை, ஜூன் 28ல சரயேவோவுல ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டாங்க, ஒரே மாசத்துல போர் ஆரம்பிச்சிடுச்சு. செப்டம்பர் 22ஆம் தேதி ராத்திரி ஜெர்மன்காரங்களோட எம்டன் போர்க்கப்பல் நம்ம மெட்ராஸ் துறைமுகத்துல எண்ணெய் டேங்க் மேல குண்டு போட்டுச்சு, ஹைகோர்ட் வளாகச் சுவர்ல அதுக்குக் கல்வெட்டு இன்னும் இருக்கு. மாளிகை திறந்து 13 மாசம்கூட முழுசா ஆகல. மூணாவது மாநாடு 1915 வாக்குல கூட வேண்டியது, கூடவே இல்ல.

அந்தப் போர்ல செத்தவங்க கோடிக்கணக்கு. அதுக்கப்புறம்தான் எப்பவாவது மாநாடு கூடிக் கலையுறது பத்தாது, எப்பவும் திறந்திருக்கிற ஒரு ஆபீஸ் வேணும், வேலைக்கு ஆள் வேணும், சட்டம் வேணும்னு பன்னாட்டுச் சங்கம் வந்துச்சு. 1920 ஜனவரி 10ல அமலுக்கு வந்துச்சு, ஜெனீவாவுல தலைமையகம். அதுல இந்தியா ஆரம்பகால உறுப்பினர். வெள்ளைக்காரன் ஆட்சியில இருந்த ஒரு நாடு உறுப்பினரா உக்காந்தது ரொம்ப விசித்திரமான ஏற்பாடு, யாரை அனுப்புறது, என்ன பேசுறதுங்கிற கடிவாளம் லண்டன்லதான் இருந்துச்சு, சந்தாவை மட்டும் நம்ம வரிப்பணத்துல இருந்து கட்டுனாங்க. அப்படியிருந்தும் 1921ல அங்க போய் இந்தியாவுக்காகப் பேசினவர் எங்க வலங்கைமான்ல பிறந்த ஸ்ரீநிவாச சாஸ்திரி. அதே வருஷக் கடைசியில வாஷிங்டன்ல போர்க்கப்பல் எண்ணிக்கையைக் குறைக்கிற மாநாடு நடந்தப்பவும் இந்தியாவோட பிரதிநிதியா அவர்தான் போனார். எங்க ஊர்லயே இதைத் தெரிஞ்சவங்க ரொம்பக் கம்மி.

இப்ப உங்க கட்டுரையோட ரெண்டாவது தப்புக்கு வரேன். ஒரு சண்டையைக்கூட நிறுத்தலையா?

1921ல ஆலந்து தீவு. பால்டிக் கடல்ல ஸ்வீடனுக்கும் ஃபின்லாந்துக்கும் நடுவுல இருக்கு, மக்கள் பேசுறது ஸ்வீடிஷ், ஆட்சி ஃபின்லாந்து, மக்கள் எங்களை ஸ்வீடனோட சேருங்கன்னு கேட்டாங்க. ரெண்டு நாடும் முறைச்சுக்கிட்டு நின்னப்ப சங்கம் தீர்ப்பு சொல்லுச்சு, தீவு ஃபின்லாந்துக்குத்தான், ஆனா மொழிக்கும் நிலத்துக்கும் பாதுகாப்பு, தனி சுயாட்சி, தீவுல ராணுவம் வைக்கக்கூடாது. ஸ்வீடனுக்குப் பெரிய ஏமாற்றம், ஆனாலும் ஒத்துக்கிட்டாங்க. 100 வருஷம் தாண்டியும் அந்த ஏற்பாடு நிக்குது, இன்னைக்கும் அங்க ராணுவம் கிடையாது, இன்னைக்கும் ஸ்வீடிஷ்தான் ஆட்சி மொழி. மொழிக்காகப் போராடுன ஊர்க்காரங்க நாம, அந்தத் தீர்ப்போட அருமை நமக்குப் புரியணும்.

1925ல கிரீஸ், பல்கேரியா. அக்டோபர் 19ல எல்லையில ஒரு கிரேக்க சிப்பாய் சுட்டுக் கொல்லப்பட்டார். நாயைத் துரத்திக்கிட்டு எல்லையைத் தாண்டிட்டார்னு ஒரு கதை உண்டு, அது எந்த அளவுக்கு நிஜமோ, ஆனா அதுக்காக கிரீஸ் படையை அனுப்புனது நிஜம், பல்கேரியாவுக்குள்ள பெட்ரிச்ங்கிற ஊர் பக்கம் வரைக்கும் போயிட்டாங்க, சாதாரண ஜனங்க செத்தாங்க. பல்கேரியா சங்கத்துக்குத் தந்தி அடிச்சுச்சு. அது மட்டுமில்ல, விஷயம் சங்கத்துக்குப் போயிருக்கு, அதனால பெருசா எதிர்த்துச் சண்டை போட்டு ஆளை இழக்காதீங்கன்னு தன்னோட படைக்கும் உத்தரவு போட்டுச்சு. ஒரு சின்ன நாடு ஒரு சபையை எவ்வளவு நம்பியிருந்தா, எதிரி வீட்டுக்குள்ள வந்த நேரத்துல அப்படி உத்தரவு போடும்! அந்த நம்பிக்கை வீண் போகல. பிரான்ஸ் நாட்டு வெளியுறவு அமைச்சர் பிரியான் தலைமையில பாரிஸ்ல சங்கத்தோட நிர்வாகக் குழுவான கவுன்சில் அவசரமா கூடுச்சு, உடனே படையைத் திரும்பக் கூப்பிடுங்கன்னு கெடு வச்சுது, மாசம் முடியுறதுக்குள்ள கிரேக்கப் படை திரும்பிடுச்சு, விசாரணைக் கமிஷன் போய்ப் பார்த்துட்டு வந்து 45,000 பவுண்டு நஷ்டஈடு கட்டச் சொல்லுச்சு, கிரீஸும் கட்டுச்சு. ஒரு போர் பத்து நாள்ல நின்னுச்சு. இதை எப்படிங்க ஒண்ணுமே இல்லன்னு எழுத முடியும்?

ஆனா இதே கிரீஸுக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சாதான் கதை முழுசாகும். 1923 ஆகஸ்ட்ல கிரீஸ்-அல்பேனியா எல்லையை அளக்கப் போன இத்தாலி ஜெனரல் டெல்லினியை கிரேக்க மண்ணுல யாரோ கொன்னுட்டாங்க. யாருன்னு கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியே முசோலினி கப்பலை அனுப்பி கோர்ஃபு தீவு மேல குண்டு போட்டான், அங்க பழைய கோட்டையில தங்கியிருந்த அகதிங்கதான் செத்தாங்க, குழந்தைங்களும் அதுல உண்டு. கிரீஸ் சங்கத்துக்குத்தான் ஓடுச்சு. ஆனா இத்தாலி கவுன்சில்ல நிரந்தர உறுப்பினர், பிரான்ஸ் அதைப் பகைச்சுக்க விரும்பல, விஷயத்தைச் சங்கத்து கையில இருந்து எடுத்து வல்லரசுங்களோட தூதர்கள் குழு கையில கொடுத்தாங்க. தீர்ப்பு என்ன தெரியுமா, குண்டு வாங்குன கிரீஸ், குண்டு போட்ட இத்தாலிக்கு 5 கோடி லிரா கட்டணும். கட்டுச்சு.

அதே சங்கம், அதே சட்டம், அதே கிரீஸ். 1923ல வம்பு பண்ணது பெரிய நாடு, 1925ல வம்பு பண்ணது சின்ன நாடு. என் பேத்திகிட்ட அஞ்சு காரணத்தையும் ஓரமா வச்சுட்டு இந்த ரெண்டு வருஷத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருடின்னேன். "அப்ப அந்த சட்டம் நல்லாத்தான் இருந்திருக்கு, இல்ல அம்மாச்சி?"ன்னா. இதைத்தான் நான் உங்க கட்டுரையிலயும் எதிர்பார்த்தேன்.

சங்கத்தோட மத்த வேலையைப் பத்தி எழுத ஆரம்பிச்சா இந்த லெட்டர் முடியாது. ஆனா நான்சன் பேரைச் சொல்லாம விட மனசு வரல. நார்வேக்காரர், வட துருவப் பக்கம் பனியில பயணம் போன ஆளு. போர்ல கைதியாகி சைபீரியா வரைக்கும் சிதறிக் கிடந்த 4 லட்சத்துக்கும் மேலான சிப்பாய்ங்களை 1922க்குள்ள அவங்க அவங்க வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதுக்கப்புறம் ரஷ்யாவுல இருந்து ஓடிவந்த அகதிங்க, அவங்களுக்கு எந்த நாடும் இல்ல, பேப்பர் இல்ல, ஒரு எல்லையைத் தாண்ட முடியாது, ஒரு வேலைக்குப் போக முடியாது. அவங்களுக்குன்னு ஒரு அடையாளச் சான்று உண்டாக்கினார், நான்சன் பாஸ்போர்ட்னு பேரு, 50 நாட்டுக்கும் மேல அதை ஏத்துக்கிச்சு. அப்புறம் ஆர்மீனியர்களுக்கும் அது கிடைச்சுது. இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி, எழுத்தாளர் நபகோவ் எல்லாம் அந்தக் காகிதத்தை வச்சுக்கிட்டு நடமாடினவங்கதான். நாடில்லாத மனுஷன் கையில ஒரு காகிதம் எப்பேர்ப்பட்ட சொத்துன்னு இலங்கையில இருந்து அகதியா வந்து நம்ம ஊர் முகாம்ல இருக்கிறவங்களைக் கேட்டா சொல்லுவாங்க.

1935 ஜனவரியில, ஜெர்மனி-பிரான்ஸ் எல்லையில இருக்கிற சார்ங்கிற பகுதி ஜெர்மனியோட சேரணுமான்னு பொதுவாக்கெடுப்பு. பிரிட்டன், இத்தாலி, ஸ்வீடன், நெதர்லாந்து நாலு நாட்டுல இருந்தும் 3,300 சிப்பாய்ங்க சங்கத்தோட பேர்ல போய் நின்னாங்க, ஓட்டுப்பதிவு அமைதியா முடிஞ்சுது. சொந்த ராணுவம் இல்லாததால தோத்துச்சுன்னு எழுதுறோமே, வேணும்னு நினைச்சப்ப நாலு நாட்டு ராணுவம் வந்து நின்னுச்சே.

இனி எது நொறுங்குச்சுன்னு சொல்றேன். சீனாவோட வடகிழக்குல இருக்கிற மஞ்சூரியா, 1931. ஜப்பான் படை செப்டம்பர் 18ல தானே ரயில் பாதையில குண்டு வச்சுட்டு சீனாக்காரன் மேல பழி போட்டு உள்ள நுழைஞ்சுது. சங்கம் லிட்டன் பிரபு தலைமையில கமிஷன் போட்டுச்சு, நம்ம வங்காளத்துக்கு கவர்னரா இருந்தவர்தான். அவங்க மஞ்சூரியாவுல கால் வச்சதே ஏழு மாசம் கழிச்சு, அறிக்கை வெளியானது ஒரு வருஷம் கழிச்சு, அதுக்குள்ள அங்க பொம்மை அரசே அமைச்சிட்டாங்க. 1933 பிப்ரவரி 24ல ஓட்டெடுப்பு, ஜப்பானுக்கு எதிரா 42, ஜப்பான் பக்கம் ஜப்பான் மட்டும் ஒண்ணு. ஜப்பான் பிரதிநிதி மட்சுவோகா எழுந்து வெளிய நடந்துட்டார். 42 நாடும் சரியாத்தான் ஓட்டுப் போட்டுச்சு, அதுக்கு மேல ஒரு அடி எடுத்து வைக்கல.

எத்தியோப்பியாதான் என்னால சுலபமா தாண்டிப் போக முடியாத இடம். 1923லயே சங்கத்துல சேர்ந்த நாடு அது. 1935 அக்டோபர் 3ல முசோலினி படை நுழைஞ்சுது. இந்த முறை சங்கம் தூங்கல, சில நாள்லயே இத்தாலிதான் குற்றவாளின்னு அறிவிச்சுது, 50 நாடு சேர்ந்து பொருளாதாரத் தடை போட்டுச்சு, உலக வரலாற்றுலயே அப்படி ஒண்ணு அதுக்கு முன்னாடி நடந்தது இல்ல. மக்களும் தயாரா இருந்தாங்க. பிரிட்டன்ல அந்த வருஷம்தான் தன்னார்வலர்கள் வீடு வீடா போய் சீட்டு கொடுத்து, அடுத்த நாட்டு மேல பாயுற நாட்டைப் பொருளாதாரத் தடை போட்டு நிறுத்தணுமான்னு கேட்டாங்க, 1 கோடியே 10 லட்சத்துக்கும் மேல ஜனங்க பதில் எழுதிக் கொடுத்தாங்க, அதுல 1 கோடிக்கும் மேல ஆமான்னு சொன்னாங்க. ஆனா தடைப் பட்டியலைப் பாருங்க. இத்தாலிக்கு ரப்பர் விற்கக்கூடாது, தகரம் விற்கக்கூடாது, குதிரை, கோவேறு கழுதை, ஒட்டகம் விற்கக்கூடாது. பெட்ரோல்? அது பட்டியல்ல இல்ல. லாரியும் டாங்கியும் விமானமும் ஓடுறதே அதுலதான். அமெரிக்கா சங்கத்துல இல்லையே, நாம நிறுத்தினா அவங்க விப்பாங்களேன்னு ஒரு காரணம், அந்த ஏழு ஓட்டோட விலை இங்கதான் வந்து நிக்குது. முசோலினியை ரொம்ப நெருக்கினா ஹிட்லர்கிட்ட போயிடுவான்னு இன்னொரு காரணம். சூயஸ் கால்வாய் பிரிட்டன் படையோட பிடியில இருந்துச்சு, அதை மூடல, இத்தாலி கப்பல் சிப்பாயும் குண்டும் ஏத்திக்கிட்டு சுங்கம் கட்டிட்டு அந்த வழியாவே போய்க்கிட்டு இருந்துச்சு. பெட்ரோலையும் நிறுத்தியிருந்தா ஒரே வாரத்துல நான் பின்வாங்கியிருப்பேன்னு 1938ல முசோலினி ஹிட்லர்கிட்ட சொன்னதா, கூட இருந்த மொழிபெயர்ப்பாளர் ஷ்மிட் எழுதி வச்சிருக்கார். ஒரே வாரம்!

டிசம்பர்ல இன்னும் மோசம். பிரிட்டன் அமைச்சர் ஹோரும் பிரான்ஸ் பிரதமர் லாவாலும் ரகசியமா உக்காந்து எத்தியோப்பியாவோட பெரும்பகுதியை இத்தாலிக்குக் கொடுத்துடலாம்னு திட்டம் போட்டாங்க. அதை வெளிய கொண்டு வந்தது பாரிஸ் பத்திரிகைங்க. பேப்பர்ல வந்ததும் பிரிட்டன் ஜனங்க கொதிச்சாங்க, ஹோர் ராஜினாமா பண்ணினார், திட்டம் செத்துச்சு. ஆசிரியர் அவர்களே, பத்திரிகைக்கு இதுல என்ன வேலைன்னு யாராவது கேட்டா இந்த ஒரு வாரத்தைச் சொல்லுங்க.

1936 ஜூன் 30. நாட்டை இழந்த எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசி ஜெனீவாவுல சங்கத்து மேடையில ஏறினார், கறுப்பு அங்கி, சின்ன உருவம். வாயைத் திறக்கிறதுக்குள்ள மேல பத்திரிகையாளர் மாடத்துல இருந்து இத்தாலி பத்திரிகைக்காரங்க விசில் அடிச்சு கூச்சல் போட ஆரம்பிச்சிட்டாங்க. ருமேனியாவோட பிரதிநிதி டிட்டுலெஸ்கு எழுந்து அந்தக் காட்டுமிராண்டிகளை வெளிய தள்ளுங்கன்னு கத்தினார். போலீஸ் வந்து இழுத்துட்டுப் போற வரைக்கும் செலாசி அசையாம நின்னார். அப்புறம் தன்னோட அம்ஹாரிக் மொழியிலயே பேசினார். 9, 15, 18 விமானம் வரிசையா ஒண்ணு பின்னாடி ஒண்ணா வந்து விஷத்தை மழை மாதிரி தெளிச்சுது, ஆளு, மாடு, ஆறு, மேய்ச்சல் நிலம் எதையும் விடலன்னு சொன்னார். விஷவாயு கூடாதுன்னு 1899லயே ஹேக்ல எழுதுனது, 1925ல ஜெனீவாவுல திரும்ப எழுதி இத்தாலியும் கையெழுத்துப் போட்டது. கடைசியில ஒரு கேள்வி கேட்டார், என் ஜனங்களுக்கு நான் என்ன பதிலைக் கொண்டு போகணும்னு. ரெண்டு வாரத்துல, ஜூலை 15ல, இத்தாலி மேல இருந்த தடையை எடுத்துட்டாங்க. அதுதான் பதில்.

இந்தப் பாடத்தை நடத்துற வருஷமெல்லாம் இந்த இடத்துல எனக்குக் குரல் கம்மிடும். ஒரு வருஷம் பின்பெஞ்சுல ஒரு பையன், எப்பவும் வாயே திறக்காதவன், எழுந்து "டீச்சர், அந்த 50 நாட்டுல யாராவது ஒருத்தர் அவருக்கு எழுந்து பதில் சொன்னாங்களா?"ன்னு கேட்டான். ஒவ்வொருத்தரா எழுந்து வருத்தம் தெரிவிச்சாங்கப்பா, அதுக்கப்புறம் தடையை எடுத்தாங்கன்னேன். உக்காந்துட்டான்.

அதனால ஐ.நா.வைத் திட்டுங்க, வேண்டாம்னு சொல்லல, திட்ட வேண்டிய இடம் நிறைய இருக்கு. ஆனா சபை தோத்துச்சுன்னு எழுதும்போது அந்தப் பெட்ரோல் பட்டியல்ல எந்த நாடு எதை எழுத விடலன்னு பேரோட எழுதுங்க. சபைன்னு ஒரு கட்டிடத்து மேல பழியைப் போட்டா, உள்ள உக்காந்து கையைக் கட்டிக்கிட்டிருந்தவங்க தப்பிச்சுப் போயிடுறாங்க. 1946 ஏப்ரல்ல சங்கத்தைக் கலைச்சப்ப அந்த ஜெனீவா கட்டிடத்தையும், அகதி வேலை, சுகாதார வேலை, தொழிலாளர் வேலையில சேர்த்த அனுபவத்தையும் எடுத்துக்கிட்டுத்தான் இன்னைய ஐ.நா. அமைப்புங்க நிக்குதுங்க, அதையும் ஒரு வரி சேர்த்துக்கோங்க.

உடனடியா நான் கேக்கிறது ஒண்ணுதான். "விலகிக்கொண்டது"ங்கிறதை "சேரவே இல்லை"ன்னு மாத்தி ஒரு திருத்தம் போடுங்க, "ஒரு சண்டையைக்கூட"ங்கிறதையும் எடுத்துடுங்க. உங்க கட்டுரையை என் பேத்தி கத்தரிச்சு வரலாறு நோட்டுல ஒட்டி வச்சிருக்கா. திருத்தம் வந்ததும் அதையும் கத்தரிச்சு அந்தப் பாரா மேலயே ஒட்டிடுறேன்னு சொல்லியிருக்கா, தினமும் காலையில பேப்பர் வந்ததும் அந்தப் பக்கத்தைத்தான் முதல்ல பிரிச்சுப் பாக்குறா.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாறு ஆசிரியை,
வலங்கைமான்